பொன்னாடை போதாது: பெற்றோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றும் எமது பிள்ளைகளுக்கு ஊர் செய்ய வேண்டியது





பெற்றோலில் ஓடிய ஓட்டோவையும் சின்னக் காரையும் வீட்டு முற்றத்தில் வைத்தே மின்சாரத்துக்கு மாற்றும் வேலை எமது கிழக்குக் கரையோர ஊர்களிலும் தொடங்கிவிட்டது. கராஜில் வேலை பழகிய தம்பிமாரும், உயர்தரத்தில் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலை தேடும் தம்பிமாரும் கைபேசியில் பார்த்துப் பார்த்து இதைச் செய்கிறார்கள். வண்டி ஓடத் தொடங்கியதும் வீடியோ வருகிறது. "மாஷா அல்லாஹ், நம்ம ஊர்ப் பிள்ளை" என்று எல்லோரும் பகிர்கிறார்கள். அடுத்த விழாவில் ஒரு பொன்னாடை, ஒரு கேடயம், மேடையில் ஒரு படம். அத்தோடு அந்தப் பிள்ளையை ஊர் மறந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம் "இது வெடிக்கும், வீட்டைக் கொளுத்தும், பொடியனுக்கு வேற வேலை இல்ல" என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

தொழில்நுட்பப் பாடத்தோடும் கணக்கோடும் தினமும் மல்லுக்கட்டும் ஆசிரியர்கள் என்ற வகையில் எமது கருத்து இரண்டு பக்கத்துக்கும் முழுதாகப் பிடிக்காது. இந்த மாற்றம் எமது ஊர்களுக்கு நல்லது. ஆனால் அதைச் செய்பவனையும் அதில் ஏறுபவரையும் காப்பாற்ற மூன்று விடயங்கள் வேண்டும்: அறிந்தவர் ஒருவரின் பரிசோதனை, வாகனப் புத்தகத்தில் சரியான பதிவு, வட்டியில்லாத பணம். இந்த மூன்றையும் ஒரு பொடியன் தனியாகத் தேடிக்கொள்ள முடியாது. ஊர்தான் கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் நீளமாக எழுதுகிறோம். பொறுமையாக வாசியுங்கள்.

*ஏன் இது எமக்குப் பொருந்தும்?*

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். ஜூன் மாத இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. காசு இருந்தாலும் பெற்றோல் இல்லை. ஷெட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசை. பிறகு கியூ.ஆர். முறை வந்தபோது ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர். அன்றாடம் ஓடி அன்றாடம் அடுப்பு மூட்டும் ஒரு குடும்பத்துக்கு 5 லீற்றர் என்றால் என்ன என்பதை ஓட்டோ ஓடும் காக்காமாரிடம் கேட்டால் சொல்வார்கள்.

அந்த நெருக்கடிக்குப் பிறகுதான் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஆதரவோடு பெற்றோல் முச்சக்கர வண்டிகளை மின்சாரத்துக்கு மாற்றும் முன்னோடித் திட்டமொன்று இலங்கையில் தொடங்கியது. ஆகவே இது யாரோ ஒரு பொடியனின் பைத்தியக்கார யோசனை இல்லை. நாட்டில் பதிவான முச்சக்கர வண்டிகள் பத்து இலட்சத்துக்கும் மேல். அவை எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்க எமக்கு வசதி கிடையாது.

2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். திறந்தும் வரியோடு சேர்த்து வரும் விலை சாதாரண சம்பளக்காரர் எட்டிப் பார்க்கக்கூடியது அல்ல. முற்றத்தில் நிற்கும் பழைய வண்டியின் பொடியும் சில்லும் கியர் பொக்ஸும் நன்றாக இருந்தால், இஞ்சினை மட்டும் மாற்றி இன்னும் பத்து வருடம் ஓட்டலாமே என்ற யோசனை நியாயமானது.

எமது நிலமும் இதற்குத் தோதானது. கரையோரம் முழுக்கச் சமதரை. ஏற்றம் இல்லை. கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்குப் போனாலும் 25 கிலோமீற்றருக்குள். ஓட்டோவின் பெரும்பாலான ஓட்டம் சந்தை, ஆஸ்பத்திரி, பாடசாலை, பள்ளிவாசல் என்று ஊருக்குள்ளேயே முடிகிறது. கொழும்புக்குப் போகும் வண்டியை வீட்டில் மாற்றச் சொல்லி நாம் யாருக்கும் சொல்ல மாட்டோம். ஊருக்குள் ஓடும் வண்டிக்கு இது பொருந்தும்.

இன்னொரு கணக்கு. ஒரு லீற்றர் பெற்றோலுக்குள் சுமார் 9 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி இருக்கிறது. அந்த ஒரு லீற்றரில் ஒரு ஓட்டோ 25 கிலோமீற்றர் ஓடும் என்று வையுங்கள். அதே 25 கிலோமீற்றரை மோட்டாரில் ஓட ஏறக்குறைய ஒன்றரை அலகு பற்றரியில் இருந்தால் போதும். மிச்சச் சக்தி பெற்றோல் இஞ்சினில் சூடாகவும் புகையாகவும் வீணாகப் போகிறது. மோட்டாரின் பலம் அங்கேதான்.

*என்ன செய்கிறார்கள்?*

இஞ்சினைக் கழற்றுவது லேசான வேலை. அதை எந்தக் கராஜிலும் செய்வார்கள். அதன் இடத்தில் மோட்டாரைப் பூட்ட, கியர் பொக்ஸின் வாய்க்குப் பொருந்தும்படி தடித்த உலோகத் தகடொன்றை லேத்தில் கடைந்து எடுக்க வேண்டும். மோட்டாரின் தண்டும் கியர் பொக்ஸின் தண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். மயிரிழை விலகினாலும் அதிரும், பெயாரிங் தின்னும். எமது லேத் கடைக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். படகு இஞ்சினுக்கும் நெல் குற்றும் மில்லுக்கும் செய்த கைகள் அவை.

பிறகு பற்றரி, மோட்டாருக்குப் போகும் மின்னைக் கட்டுப்படுத்தும் கொன்ட்ரோலர், ஒவ்வொரு செல்லையும் கவனித்துத் தேவைப்பட்டால் மின்னை வெட்டும் பி.எம்.எஸ்., வீட்டு மின்னில் இருந்து ஏற்றும் சார்ஜர். ஹோனுக்கும் லைட்டுக்கும் 12 வோல்ட் வேண்டும். இஞ்சினோடு ஒல்டனேட்டரும் போய்விடுவதால், பெரிய பற்றரியில் இருந்து 12 வோல்ட் இறக்கித் தரும் கருவி ஒன்றும் வேண்டும்.

இவ்வளவையும் பொருத்தி வண்டியை ஓட வைக்க எமது பிள்ளைகளுக்கு முடியும். அதில் சந்தேகமே இல்லை. எமது கவலை ஓடத் தொடங்கிய பிறகு வரும் நாட்களைப் பற்றியது.

*எங்கே பிசகும்?*

முதலாவது பிரேக். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. பிரேக் பூஸ்டர் உள்ள காரில், பெடலை லேசாக மிதித்தாலே நிற்பதற்குக் காரணம் இஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம். இஞ்சினைக் கழற்றினால் அந்த வெற்றிடமும் போய்விடும். பெடல் கல்லாக இறுகும். மின்சார வெற்றிட பம்ப் ஒன்று பூட்டியே ஆக வேண்டும். பூட்டாமல் முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரி போலவே தெரியும். ஒழுங்கைக்குள் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போதுதான் தெரியவரும்.

இரண்டாவது பிரேக்கர். வீட்டு மெயின் போர்டில் இருக்கும் பிரேக்கரைக் கழற்றி வாகன பற்றரிக்குப் போடுகிறார்கள். வீட்டு மின்சாரம் ஒரு செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்துக்கு வந்து போகிறது. அதனால் பிரேக்கர் வெட்டும்போது எழும் தீப்பொறி தானாகவே அணையும். பற்றரியில் இருந்து வரும் நேர் மின்சாரம் பூச்சியத்துக்கு வருவதே இல்லை. தீப்பொறி அணையாமல் நீளமாக நின்று எரியும். நேர் மின்சாரத்துக்கென்றே செய்த பிரேக்கரும் பியூஸும் வேறாக இருக்கின்றன. விலை கூடத்தான். ஆனால் அந்த இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மூன்றாவது வோல்ட். 48 வோல்ட் ஓட்டோவில் வேலை செய்து பழகிய கை, 96 வோல்ட் காரிலும் அதே தைரியத்தோடு உள்ளே போகிறது. நேர் மின்சாரத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினால் ஆளுக்கு ஆபத்து என்பது பொதுவான அளவுகோல். பழைய நிசான் லீஃப் காரின் முழுப் பற்றரி சுமார் 360 வோல்ட். அதை முழுதாக வைத்துக்கொண்டு திறப்பது வீட்டு முற்றத்தில் செய்யும் வேலையே அல்ல.

நான்காவது பழைய பற்றரி. 2015ஐ ஒட்டி இலங்கைக்கு நிறைய லீஃப் கார்கள் வந்தன. அந்த வண்டிகளின் 24 அலகுப் பற்றரிக்குள் 48 மொடியூல்கள் இருக்கும். அதைத் தனித்தனியாகப் பிரித்து வாங்கி ஓட்டோவுக்குப் போடுவது ஒரு வழி. கேட்கச் சுலபம். ஆனால் அந்தப் பற்றரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு இல்லை. எமது வெயிலில் பல வருடம் காய்ந்து வந்த சரக்கு அது. ஒவ்வொரு மொடியூலும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருக்கும். அளந்து பார்த்துச் சோடி சேர்க்காமல் அடுக்கினால், பலவீனமான ஒன்று முதலில் வற்றி, சூடேறி, மற்றதையும் கெடுக்கும். பழைய லெப்டொப் செல்களை ஈயம் வைத்து ஒட்டிப் பெரிய பற்றரி செய்வது இதைவிட மோசம். அதை வீட்டுக்குள் வைத்துச் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்க யாரும் துணியாதீர்கள்.

புதிதாக வாங்க முடிந்தால் லித்தியம் அயன் பொஸ்பேட் வகை செல் நல்லது. மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். ஒரு செல் 3.2 வோல்ட். 16 செல்லைத் தொடராக வைத்தால் 51.2 வோல்ட். 100 அம்பியர் மணி என்றால் சுமார் 5 அலகு. ஒரு ஓட்டோ 60 கிலோமீற்றர் வரை ஓட அது போதும்.

ஐந்தாவது சார்ஜ் போடும் இடம். எமது ஊர்களில் வீடும் வீடும் சுவரோடு சுவர். வண்டி நிற்பது படுக்கையறை யன்னலுக்குக் கீழே. சமையலறைப் பிளக்கில் இருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் கோட் இழுத்து, கதவிடுக்கால் வெளியே விட்டு, இரவு முழுக்கச் சார்ஜ். கோட் சுருண்டு கிடக்கும் இடத்தில் சூடேறும். பிளக் கறுக்கும். வாகனத்துக்கென்று தனி வயரும் தனி பிரேக்கரும் போட்டு, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று மின் வேலை தெரிந்தவரிடம் பார்த்துக்கொள்வது பெரிய செலவல்ல. லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் அணைத்த பிறகும் திரும்பப் பிடிக்கும். அந்த நேரம் எரிவது ஒரு வீடு மட்டும் என்று இருக்காது.

ஆறாவது வெள்ளம். மாரி வந்தால் எமது வீதிகள் என்னவாகும் என்பதை 2024 நவம்பரிலும் பார்த்தோம். பற்றரிப் பெட்டியை வண்டியின் அடியில் தாழ வைத்துவிட்டு, மூடியைச் சும்மா நட்டுப் போட்டு இறுக்கினால் போதாது. தண்ணீர் புகாத பெட்டி வேண்டும். கடற்காற்றின் உப்பு வயர் முனைகளைத் தின்னும் என்பதையும் சேர்த்துக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இவ்வளவும் பயமுறுத்த எழுதவில்லை. ஒவ்வொன்றுக்கும் மருந்து இருக்கிறது. இரண்டாவது ஆள் ஒருவர் வந்து பார்த்தால் பிடிபடக்கூடிய பிசகுகள்தான் எல்லாம். செய்தவனின் கண்ணுக்கு அவன் வேலை எப்போதும் சரியாகத்தான் தெரியும். அதனால்தான் பரீட்சை எழுதிய பிள்ளையிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுப்பதில்லை.

*தரம் 8 கணக்கு*

"மாத்தினா லாபமா சேர்?" என்று கேட்பவர்களுக்காக ஒரு உதாரணக் கணக்கு. விலைகள் மாறும். உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஓட்டோ நாளுக்கு 80 கிலோமீற்றர், மாதம் 25 நாள் ஓடுகிறது. லீற்றருக்கு 25 கிலோமீற்றர் என்றால் மாதம் 80 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று உருட்டி வைத்தால் 24,000 ரூபா.

மின்சாரத்தில் அதே ஓட்டத்துக்கு, சார்ஜரில் வீணாவதையும் சேர்த்து, நாளுக்கு 6 அலகு. மாதம் 150 அலகு. அலகு 75 ரூபா என்று கூட்டியே வைத்தாலும் 11,250 ரூபா. மாத மிச்சம் 12,750 ரூபா. ஒயில், பிளக் மாற்றும் செலவு குறைவது தனி.

மாற்றுவதற்கு 8 இலட்சம் என்று கொட்டேஷன் வந்தால், போட்ட காசு திரும்ப 63 மாதம். ஐந்து வருடத்துக்கும் கொஞ்சம் மேல். 5 இலட்சத்தில் முடிந்தால் 39 மாதம். நல்ல செல் போட்டிருந்தால் அதற்குப் பிறகும் பற்றரி ஓடும். மலிவுச் சரக்கு என்றால் காசு திரும்ப முன்னரே பற்றரி போய்விடும். ஆகவே மலிவுப் பற்றரியில் இலாபமே இல்லை.

இப்போது, நாளுக்கு 25 கிலோமீற்றர் மட்டும் ஓடும் வீட்டுக் கார் போன்ற ஓட்டோவைப் பாருங்கள். மாத மிச்சம் 4,000 ரூபாவுக்குள். 8 இலட்சம் திரும்ப 16 வருடத்துக்கு மேல் எடுக்கும். அவருக்கு நாம் சொல்வது: மாற்றாதீர்கள் காக்கா. இருப்பதை நன்றாக டியூன் பண்ணி ஓட்டுங்கள். ஆசைக்கு மாற்றினால் அது உங்கள் விருப்பம், இலாபம் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று. 90 அலகு எரிக்கும் வீட்டில் 150 அலகு கூடினால் 240. 180ஐத் தாண்டிய அலகுகள் ஆகக் கூடிய விலைப் படியில் விழும், மாத நிலையான கட்டணமும் ஏறும். முதல் பில் வரும்போது வீட்டில் சண்டை வராமல் இருக்க இதை உம்மாவிடமும் மனைவியிடமும் முதலே சொல்லி வையுங்கள். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை நாட்டில் மின்சாரத் தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த நேரம் சார்ஜ் போடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது.

*வாகனப் புத்தகத்தில் பெற்றோல், வண்டியில் மோட்டார்*

இதுதான் எமது பிள்ளைகள் ஆகக் குறைவாக யோசிக்கும் இடம்.

வாகனப் புத்தகத்தில் இஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் எழுதியிருக்கிறது. இரண்டில் எதை மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். திருத்தாமல் விட்டால் என்ன நடக்கும்? ஒவ்வொரு வருடமும் லைசன்ஸ் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்று வேண்டும். புத்தகத்தில் பெற்றோல் என்று இருக்கிறது. பரிசோதனைக்குக் கொண்டுபோனால் குழாய் சொருகப் புகைக்குழாயே இல்லை. பிறகு தரகரைப் பிடித்து, வேறு வண்டியின் புகையைக் காட்டிச் சான்று எடுக்க ஆள் தேட வேண்டும். ஹலாலான உழைப்புக்காக மாற்றிய வண்டிக்குப் பொய்ச் சான்றா?

காப்புறுதி அதைவிடப் பெரிய விடயம். காப்புறுதி ஒப்பந்தம் உண்மையை முழுதாகச் சொல்வதில் நிற்கிறது. பெற்றோல் வண்டி என்று எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டாரில் ஓடினால், விபத்து நடந்த அன்று கம்பனி கைவிரிக்க நல்ல காரணம் கிடைக்கும். அந்த நேரம் ஆஸ்பத்திரியில் கிடக்கும் பயணிக்கு யார் பொறுப்பு? வண்டியில் ஏறும் ஒவ்வொருவரும் ஓட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இதை ஆலிம்களிடம் கேட்டாலும் வேறு பதில் வராது.

"இலங்கையில யாரு இதெல்லாம் பாக்குறாங்க" என்பார்கள். வெளிநாட்டைப் பாருங்கள். பிரான்ஸ் 2020இல் இதற்கென்றே சட்டம் கொண்டு வந்தது. அங்கே ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட காரை மாற்றலாம், ஆனால் அங்கீகாரம் பெற்றவர் மட்டும்தான் பொருத்தலாம். இந்தியாவில் பரிசோதித்து அங்கீகரித்த கிட் பூட்டிப் பதிவைத் திருத்த வழி இருக்கிறது. தடை செய்யாமல், ஒழுங்குக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். இங்கேயும் வேலையைத் தொடங்கும் முன்பே திணைக்களத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி, பிறகு இஞ்சினில் கை வையுங்கள். கழற்றிய பிறகு கேட்பது, நிகாஹ் முடிந்த பிறகு பெண் பார்க்கப் போவது மாதிரி.

*ஊர் என்ன செய்யலாம்?*

பேசிவிட்டுப் போனால் நாமும் பொன்னாடை போர்த்தியவர்களாகிவிடுவோம். ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்கள், ஓட்டோ சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், வெளிநாட்டில் இருக்கும் எமது உறவுகள் எல்லோருக்கும் முன்னால் ஐந்து யோசனைகளை வைக்கிறோம்.

1. மாதம் ஒரு பரிசோதனை நாள். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது. சம்மாந்துறையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. எமது ஊர்களிலேயே ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர்களும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். கடிதம் எழுதி, முறையாக அழைத்து, மாற்றிய வண்டிகளை ஒரு மைதானத்தில் வரிசையாக வைத்துப் பார்க்கச் செய்யலாம். பிரேக், பியூஸ், பற்றரிப் பெட்டி, வயர், சார்ஜர். ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் பொடியனுக்கும் பாடம், ஓட்டுநருக்கும் நிம்மதி. அந்தத் தாள் சட்டத்துக்குப் பதிலாகாது. திணைக்களத்துக்குப் போகும்போது கையில் இருக்கும் ஒரு பலம்.

2. பொதுக் கருவிகள். செல்லின் கொள்ளளவை அளக்கும் கருவி, நேர் மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீற்றர், மின் காப்புக் கையுறை, தீயணைப்புக் கருவி. ஒரு பொடியன் தனியாக வாங்கினால் சுமை. ஊருக்கு ஒரு தொகுதி இருந்தால் நூலகப் புத்தகம் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம்.

3. வட்டியில்லாக் கடன். ஓட்டோக்காரர் பாதி, கர்ழன் ஹஸனா நிதி பாதி. நிதியில் இருந்து 4 இலட்சம் கொடுத்தால், மேலே காட்டிய மாத மிச்சத்தில் இருந்து 10,000 ரூபா வீதம் 40 மாதத்தில் திரும்பி வரும். முதலில் மூன்று வண்டிக்கு 12 இலட்சத்தோடு தொடங்கிப் பார்க்கலாம். நிபந்தனை இரண்டு: நாளுக்கு 60 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும் வண்டி, பதிவு திருத்தும் வேலை தொடங்கிய வண்டி. லீசிங் வட்டியில் மூழ்கியவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊருக்கு இது பெரிய தொகை அல்ல.

4. பகல் சார்ஜ். எமது பள்ளிவாசல்கள் பலவற்றின் கூரையில் இப்போது சோலார் இருக்கிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்சாரத் தேவை குறைந்தபோது கூரை சோலார்களை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டது. பகலில் மின் மிஞ்சும் நாட்கள் நாட்டுக்கு இருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஓட்டோக்கள் எப்படியும் நிழலில்தான் நிற்கின்றன. பள்ளி வளவில் இரண்டு பாதுகாப்பான சார்ஜ் பொயின்ட் போட்டு, பாவித்த அலகுக்குக் காசு எடுத்தால், 5 அலகுப் பற்றரியோடு 80 கிலோமீற்றர் ஓடலாம். இரவில் வீட்டுக்குள் கோட் இழுக்கும் ஆபத்தும் குறையும்.

5. பாடசாலை வேனுக்கு ஒரு கோடு. பிள்ளைகளை ஏற்றும் எந்த வண்டியும் பதிவும் காப்புறுதியும் திருத்தி முடியும் வரை மாற்றப்பட்ட நிலையில் ஓடக் கூடாது. இதில் நாம் விட்டுக்கொடுக்க மாட்டோம். பெற்றோரே கேட்க வேண்டும். "தம்பி, புத்தகத்தைக் காட்டுங்க" என்று கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

*இரண்டு மறுப்புகளுக்குப் பதில்*

"இவ்வளவு கேட்டா பொடியன் பயந்து விட்டுடுவான், ஊக்கத்தைக் கெடுக்கிறீங்க" என்று சொல்லலாம். நாம் கண்ட வரையில் பிள்ளைகள் கேள்விக்குப் பயப்படுவதில்லை. பதில் சொல்லித் தர ஆள் இல்லாதபோதுதான் சோர்ந்து போகிறார்கள். மேடையில் கேடயம் கொடுப்பவர் யாரும் "பி.எம்.எஸ். எது போட்டாய், எத்தனை அம்பியர் பியூஸ்?" என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்கும் ஒருவரைத்தான் அந்தப் பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறான்.

"எங்களுக்கு ஏன் இந்தத் தலையிடி, கராஜ்காரன் பாத்துக்குவான்" என்றும் சொல்லலாம். எமது கராஜ்கள் முழுக்கப் பெற்றோல், டீசலில் வளர்ந்தவை. இன்னும் பத்துப் பதினைந்து வருடத்தில் இஞ்சின் பிரிக்கும் வேலை குறையத்தான் போகிறது. இன்று லேத்திலும் கராஜிலும் நிற்கும் நூற்றுக்கணக்கான கைகளுக்கு அடுத்த தொழில் இதுதான். இப்போது ஒழுங்காகப் பழகினால், அம்பாறையிலும் மட்டக்களப்பிலும் இருந்து வண்டிகள் எமது ஊர் கராஜைத் தேடி வரும். ஒரு வண்டி எரிந்து, ஒரு பிள்ளை மாட்டி, பேர் கெட்டால், அந்தக் கதவு மூடிவிடும். பிறகு திறமையான பொடியனையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டு முற்றத்தில் இஞ்சினைக் கழற்றி வைத்திருக்கும் தம்பிமாருக்கு: வேலையை நிறுத்தாதீர்கள். பற்றரியைப் படுக்கையறைப் பக்கத்தில் வைக்காதீர்கள். பிரேக்கை முதலில் பாருங்கள். செய்த ஒவ்வொன்றையும் கொப்பியில் எழுதி, வயர் வரைபடம் கீறி வையுங்கள். நாளைக்கு இன்னொருவர் திறந்து பார்க்கும்போது விளங்க வேண்டும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கும் ஹாஜிமாருக்கும் சங்கத் தலைவர்களுக்கும்: அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு வரியாகப் போடுங்கள். முதல் பரிசோதனை நாளுக்கு மேசை, கதிரை, தாள், பேனையோடு ஆசிரியர்கள் நாம் வருகிறோம். பொறியியல் பீடத்துக்கும் தொழில்நுட்பக் கல்லூரிக்கும் போக வேண்டிய கடிதங்களையும் நாமே எழுதித் தருகிறோம்.

அல்லாஹ் எமது பிள்ளைகளின் கைகளில் பரக்கத் செய்வானாக. அவர்களின் உழைப்பில் யாருக்கும் தீங்கு வராமல் காப்பானாக. ஆமீன்.